சாட்சியாக மாறிய ஒளிப்படம்: பெருங்குடல் அகநோக்கலில் படப்பதிவுப் பயிற்சியின் வரலாறு

மனித உடலின் உட்புறத்தை அறுவையின்றிக் கண்ணால் காணும் முயற்சி இரண்டு நூற்றாண்டுகளாக நடந்துவருகிறது. கண்டதை ஒளிப்படமாகப் பதிந்து பிறர் சரிபார்க்கத் தரும் வழக்கம் அம்முயற்சியின் உள்ளேயே பிறந்தது. நெடுங்காலம் அது ஒரு துணைவேலையாகக் கருதப்பட்டு, அண்மைக் காலத்தில்தான் மருத்துவரின் திறனை அளக்கும் கருவிகளுள் ஒன்றாக உயர்ந்தது. கொலோனோஸ்கோப்பி என்று பரவலாக அறியப்படும் பெருங்குடல் அகநோக்கலில் இந்த மாற்றம் மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. ஆசனவாய் வழியே செலுத்தப்படும் வளையும் குழாயின் நுனியிலுள்ள கேமரா, ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலின் உட்சவ்வைப் பெரும்பாலும் முழுமையாகவே காட்ட வல்லது. ஆனால் மருத்துவர் குடலின் கடைசி முனைவரை சென்றாரா, திரும்பும் வழியில் ஒவ்வொரு மடிப்பின் பின்புறத்தையும் நோக்கினாரா என்ற வினாக்களுக்கு அவருடைய சொல்லைத் தவிர வேறு சான்று பல பத்தாண்டுகளுக்கு இருக்கவில்லை. அந்தச் சான்று உருவான வரலாற்றைத் தொடர்ந்து நோக்கினால், படமெடுக்கப் பழகுவதும் பார்க்கப் பழகுவதும் ஒரே பயிற்சியின் இரு பகுதிகள் என்பது தெளிவாகும்.

கண்ணுக்கு முந்திய கேமரா

1806ஆம் ஆண்டில் ஃபிராங்க்ஃபர்ட் நகர மருத்துவரான பிலிப் போட்சினி, மெழுகுவத்தியின் ஒளியைக் கண்ணாடியின் துணையால் குழாய்க்குள் செலுத்தி உடலின் உட்குழிகளைக் காணும் கருவியை அறிவித்தார். அதன் பின்வந்த நூறாண்டுகளில் விளக்கும் ஆடியும் மாறிமாறிச் செப்பமுற்றனவேனும், குழாயின் மறுமுனையில் கண் வைத்திருந்த ஒருவர் மட்டுமே காட்சியைக் காண முடிந்தது. அவர் கண்டதை மாணவர்க்கு உணர்த்தச் சொல்லும் ஓவியமுமே வழிகளாக இருந்தன. இந்த எல்லையைக் கடக்க முதலில் முயன்றவர்களுள் குறிப்பிடத்தக்கவர் பெர்லின் நகரச் சிறுநீரகவியல் மருத்துவர் மாக்சிமிலியன் நிட்சே. சிறுநீர்ப்பையைக் காணும் கருவியை உருவாக்கிய அவர், அதனோடு ஒளிப்படக் கருவியையும் இணைத்து, 1894இல் சிறுநீர்ப்பையின் உட்புறப் படங்களைத் தொகுத்துப் படநூலாகவே வெளியிட்டார். 1898இல் மியூனிக் நகரில் லாங்கே, மெல்ட்சிங் ஆகிய இருவரும் இரைப்பைக்குள் சிறு கேமராவை இறக்கிப் படமெடுக்க முயன்றனர். அக்காலத்துப் படச்சுருளும் விளக்கும் அம்முயற்சியை நடைமுறைக்குக் கொண்டுவரப் போதவில்லை. அதனால் இரைப்பை அகநோக்கலின் முன்னோடியான ருடால்ஃப் ஷிண்ட்லர் 1923இல் வெளியிட்ட படநூலும் வண்ண ஓவியங்களையே நம்பியிருந்தது.

திருப்பம் ஜப்பானில் நிகழ்ந்தது. இரைப்பைப் புற்றுநோய் மிகுந்திருந்த அந்நாட்டில், டோக்கியோ பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்த தட்சுரோ உஜி, ஒலிம்பஸ் நிறுவனப் பொறியாளர்களான முட்சுவோ சுகியுரா, ஷோஜி ஃபுகாமி ஆகியோருடன் சேர்ந்து 1950இல் காஸ்ட்ரோகேமரா எனப்படும் இரைப்பைக் கேமராவை உருவாக்கினார். வளையும் குழாயின் நுனியில் சிறு வில்லையும், நொடிப்பொழுது ஒளிரும் சிறு விளக்கும், சில மில்லிமீட்டர் அகலமே கொண்ட படச்சுருளும் அதில் அடங்கியிருந்தன. அக்கருவியின் வழியே மருத்துவர் எதையும் நேரில் பார்க்க முடியாது என்பதே அதன் தனித்தன்மை. இருட்டாக்கப்பட்ட அறையில், இரைப்பையைக் காற்றால் விரித்து, வயிற்றுச் சுவரின் வழியே வெளியே தெரியும் ஒளிப்பொட்டைக் கொண்டு கேமராவின் இடத்தைக் கணித்து, குழாயைக் குறித்த கோணங்களில் திருப்பியும் வளைத்தும் ஒவ்வொரு படமாக எடுக்க வேண்டியிருந்தது. படச்சுருள் கழுவப்பட்ட பிறகுதான் இரைப்பையின் எப்பகுதி பதிந்தது, எது விடுபட்டது என்பது தெரியவந்தது.

இந்தக் குறையே ஒரு பயிற்சி மரபைத் தோற்றுவித்தது. பார்க்காமலே படமெடுப்பவர், இரைப்பையின் ஒவ்வொரு பகுதியும் ஏதேனும் ஒரு படத்தில் விழும்படி மாறாத வரிசை ஒன்றைப் பின்பற்றியாக வேண்டும். வரிசை தவறினால் குருட்டிடம், அதாவது எந்தப் படத்திலும் அகப்படாத பரப்பு, உண்டாகிவிடும். மருத்துவர்கள் ஒன்றுகூடிப் படச்சுருள்களைத் திரையில் விழச்செய்து, படத்தில் தெரிந்ததை அறுவைக்குப் பின் கிடைத்த இரைப்பையோடும் திசு ஆய்வு முடிவோடும் ஒப்பிட்டு விவாதிக்கும் வழக்கமும் இதனோடு வளர்ந்தது. 1955இல் இரைப்பைக் கேமராவுக்கென்றே ஒரு கழகம் ஜப்பானில் தொடங்கப்பட்டது. அதுவே பின்னர் அந்நாட்டின் செரிமான அகநோக்கியியல் சங்கமாக விரிவடைந்தது. தொடக்கநிலை இரைப்பைப் புற்றுநோயை மேற்பரப்பின் தோற்றத்தைக் கொண்டு மேடுற்றது, தட்டையானது, குழிந்தது என வகைப்படுத்தும் முறையை 1962இல் அச்சங்கத்தினர் வகுத்தனர். ஒருவரது நினைவை மட்டும் நம்பியிருந்தால் இத்தகைய வகைப்பாடு உருவாகியிருக்காது. பலர் ஒரே படத்தை மீண்டும் மீண்டும் பார்த்துக் கருத்து வேறுபட்டுப் பின் உடன்பட்டதன் விளைவே அது.

பெருங்குடலை எட்டிய ஒளியிழை

நேரடிக் காட்சியை வளையும் குழாயின் வழியே கொண்டுவரும் வாய்ப்பு ஒளியிழையால் கிட்டியது. ஒளியிழை என்பது ஒளியைத் தன் உட்சுவர்களில் எதிரொளித்தபடியே மறுமுனைக்குக் கடத்தும் மெல்லிய கண்ணாடி இழையாகும். அத்தகைய ஆயிரக்கணக்கான இழைகளை ஒழுங்காகக் கட்டினால் முழுப் படத்தையே கடத்தலாம். இதனை லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஹரோல்ட் ஹாப்கின்சும், பஞ்சாபின் மோகா நகரில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் 1954இல் நேச்சர் இதழில் விளக்கினர். அக்கட்டுரையால் ஊக்கமுற்ற பேசில் ஹிர்ஷோவிட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தம் கூட்டாளிகளுடன் 1957இல் முதல் ஒளியிழை இரைப்பை நோக்கியை உருவாக்கினார். அதே பல்கலைக்கழகத்தில் பயின்ற பெர்கைன் ஓவர்ஹோல்ட் 1960களில் ஒளியிழையைப் பெருங்குடலின் கீழ்ப்பகுதிக்குக் கொண்டுசென்றார். ஜப்பானிலும் பெருங்குடலுக்கான கேமராவும் ஒளியிழைக் கருவியும் அக்காலத்திலேயே முயலப்பட்டன.

பெருங்குடல் இரைப்பையைப் போல் ஒரே பை அன்று. மலக்குடல், நெளிந்து செல்லும் சிக்மாய்டு குடல், இறங்குகுடல், கிடைமட்டக்குடல், ஏறுகுடல் என வளைந்து வளைந்து சென்று, வலது அடிவயிற்றில் சீக்கம் எனப்படும் பையில் அது முடிகிறது. அம்முனையை எட்டுவதே தொடக்கக்கால மருத்துவர்க்குப் பெரும் அறைகூவலாக இருந்தது. 1965இல் இத்தாலியின் சார்டினியாத் தீவில் ப்ரொவென்சாலேயும் ரெவிஞாசும், நோயாளி விழுங்கிய நூற்குழாய் மறுமுனையில் வெளிவந்த பின், அதில் கருவியைக் கட்டி மேல்நோக்கி இழுத்தே முழுப் பெருங்குடலையும் கண்டனர் என்பது அக்காலத்து இடர்ப்பாட்டை உணர்த்தும். 1969இல் நியூயார்க் பெத் இஸ்ரேல் மருத்துவ மையத்தின் வில்லியம் வுல்ஃபும் ஹிரோமி ஷின்யாவும், பாலிப் எனப்படும் உட்சவ்வு வளர்ச்சிகளைக் கம்பி வளையத்தால் சுருக்கிட்டு மின்சாரத்தால் வெட்டி எடுக்கத் தொடங்கியபோது, நோயறியும் கருவியாக இருந்த அகநோக்கி நோய் தடுக்கும் கருவியாகவும் ஆயிற்று.

அத்தடுப்பின் அறிவியல் அடிப்படையை லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் நோய்க்குறியியலாளர் பேசில் மார்சனும் அவருடைய கூட்டாளிகளும் 1975இல் நிறுவினர். பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பகுதி, அடினோமா என்னும் தீங்கற்ற சுரப்பி வளர்ச்சியிலிருந்து பல ஆண்டுகளில் மெல்ல உருவாகிறது என்பதே அக்கருத்து. 1993இல் வெளியான அமெரிக்கத் தேசிய பாலிப் ஆய்வு, அடினோமாக்கள் அகற்றப்பட்ட 1,418 பேரைத் தொடர்ந்து கண்காணித்து, எதிர்பார்க்கப்பட்ட அளவைவிட 76 முதல் 90 விழுக்காடு குறைவாகவே அவர்களுக்குப் புற்றுநோய் வந்ததாகக் காட்டியது. இதனால் நோய் அறிகுறி ஏதுமற்றோரையும் பெருங்குடல் அகநோக்கலுக்கு உட்படுத்தும் இயக்கம் வலுப்பெற்றது. நலமாக இருக்கும் ஒருவரிடம் இச்சோதனையைச் செய்யும்போது, அது முழுமையாகவும் கவனத்துடனும் செய்யப்பட்டது என்பதற்கு உறுதி அளிக்கும் கடமையும் மருத்துவத்துக்கு வந்து சேர்ந்தது.

திரைக்கு வந்த காட்சி

ஒளியிழைக் காலத்தில் படமெடுப்பது சுமையாகவே இருந்தது. கண்வைக்கும் முனையில் 35 மில்லிமீட்டர் கேமராவைப் பொருத்தி, எடுத்து முடித்தபின் மீண்டும் கழற்ற வேண்டும். பொருத்தியிருக்கும் நேரமெல்லாம் சோதனை தடைப்படும். மாணவர் பார்ப்பதற்கெனப் பக்கவாட்டில் இணைக்கப்பட்ட கூடுதல் நோக்குகுழாய் காட்சியின் ஒளியைப் பங்கிட்டுக்கொண்டது. எனவே அரிதான நோய்களும் பாடநூலுக்கு உகந்த காட்சிகளுமே படமாயின. இயல்பான குடலைப் படமெடுக்க எவருக்கும் தேவை எழவில்லை.

1983இல் வெல்ச் ஆலின் நிறுவனம் கருவியின் நுனியிலேயே ஒளியுணர் சில்லைப் பொருத்திய காணொளி அகநோக்கியை அறிமுகப்படுத்தியது. சிசிடி எனப்படும் அச்சில்லு, தன்மேல் விழும் ஒளியை மின்குறிப்புகளாக மாற்றித் திரைக்கு அனுப்பும். இதனால் ஒருவர் கண்ணுக்கு மட்டும் உரியதாக இருந்த காட்சி, அறையிலுள்ள அனைவருக்கும் பொதுவாயிற்று. செவிலியரும் பயிற்சி மருத்துவரும் ஆசிரியரும் ஒரே நேரத்தில் ஒரே காட்சியைக் காண முடிந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் திரை உறைந்து படம் சேமிக்கப்பட்டது. கருவி இவ்வாறு எளிதாகியும் வழக்கம் உடனே மாறவில்லை. எதைப் படமெடுப்பது, எத்தனை எடுப்பது, எதற்காக எடுப்பது என்பதற்கு ஒத்த கருத்து இல்லாத இடங்களில், பொத்தான் இருந்தும் படங்கள் இல்லாத அறிக்கைகளே தொடர்ந்து எழுதப்பட்டன.

சொல்லுக்கும் சான்றுக்கும் இடைப்பட்ட தொலைவு

இத்தொலைவை எண்களால் வெளிக்கொணர்ந்தது பிரிட்டன். தேசிய அளவில் புற்றுநோய் முன்கண்டறிதலைத் தொடங்கும் முன், தம் மருத்துவர்கள் அதற்கு ஆயத்தமாக உள்ளனரா என்று அறிய, மூன்று வட்டாரங்களில் நான்கு மாதங்களில் நடந்த 9,223 பெருங்குடல் அகநோக்கல்கள் ஆராயப்பட்டன. முடிவுகள் 2004இல் கட் என்னும் மருத்துவ இதழில் வெளியாயின. சீக்கத்தை எட்டியதாக மருத்துவர்கள் குறித்தது 76.9 விழுக்காடு. சீக்கத்தை அடையாளங்காணக் கண்டிப்பான அளவுகோலைப் பொருத்தியபோது அது 56.9 விழுக்காடாகச் சரிந்தது. தம் முதல் நூறு அகநோக்கல்களை மேற்பார்வையின்கீழ்ச் செய்து பயின்றவர்கள் 17 விழுக்காட்டினரே என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது.

இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பொய் என்று கொள்வது நேர்மையாகாது. கல்லீரலை ஒட்டிய வளைவும், விரிந்து கிடக்கும் ஏறுகுடலும் அனுபவம் குன்றியவர் கண்ணுக்குச் சீக்கமாகவே தோன்றக்கூடும்; தாம் முனையை எட்டிவிட்டதாக அவர் மனமார நம்புவார். நம்பிக்கையைச் சோதிப்பதற்கு உடற்கூற்று அடையாளங்கள் தேவை. சீக்கத்தில் அவை மூன்று: மடிப்புகள் மூன்று கூடும் இடத்தை ஒட்டித் தெரியும் குடல்வாலின் துளை, சிறுகுடல் பெருங்குடலுக்குள் திறக்கும் உதடு போன்ற வால்வு, அவ்வால்வினுள் நுழைந்தால் காணப்படும் சிறுகுடலின் மென்பட்டு போன்ற உட்சவ்வு. இவற்றைத் தெளிவாகப் படமெடுத்தவர் முனையை எட்டினார் என்பதைப் பிறரும் அறியலாம். படமெடுக்க முயன்று அவற்றைக் காணாதவர், தாம் இன்னும் எட்டவில்லை என்பதைத் தாமே அறிந்துகொள்வார். படப்பதிவின் முதற்பயன் இந்தத் தன்னறிவே.

பிரிட்டன் அந்த ஆய்வின் பாடத்தை உடனே ஏற்றது. தேசியப் பயிற்சி மையங்கள் இயங்கின. பயிற்றுநர்க்கே பயிற்சி அளிக்கப்பட்டது. 1994 முதல் இயங்கிவந்த அகநோக்கல் கூட்டு ஆலோசனைக் குழு, சீக்கத்தை எட்டியதற்கான படச்சான்றைத் தர நெறிகளுள் ஒன்றாக வலியுறுத்தியது. 2006இல் இங்கிலாந்தின் பெருங்குடல் புற்றுநோய் முன்கண்டறிதல் திட்டம் தொடங்கியபோது, தேர்வில் தகுதி பெற்றவர்களே அதில் அகநோக்கல் செய்ய அனுமதிக்கப்பட்டனர். 2011இல் நடந்த அடுத்த தேசிய ஆய்வில், 302 மையங்களின் 20,085 அகநோக்கல்களில் சீக்கத்தை எட்டிய அளவு 92.3 விழுக்காடாக உயர்ந்திருந்தது. இவ்வுயர்வு முழுவதையும் ஒளிப்படத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் மேற்பார்வையும் தேர்வும் அளவீடும் ஒன்றுசேர்ந்த அச்சீர்திருத்தத்தில், அளவீட்டை நம்பத்தக்கதாக்கிய பங்கு படச்சான்றுக்கு உண்டு.

எட்டுப் படங்களும் ஆறு நிமிடங்களும்

முனையை எட்டுவது பாதி வேலையே. திரும்பும் வழியில் உட்சவ்வை ஆராய்வதே நோயைக் கண்டறியும் பகுதி. 1997இல் இண்டியானாவின் டக்ளஸ் ரெக்சும் பிறரும், 183 பேருக்கு ஒரே நாளில் இருமுறை அகநோக்கல் செய்து ஒப்பிட்டபோது, முதல் முறையில் அடினோமாக்களில் 24 விழுக்காடு கண்ணுக்குத் தப்பியிருந்தன. 2006இல் இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபர்ட் நகரில் அனுபவமிக்க 12 மருத்துவர்களை ஆராய்ந்தபோது, கருவியை வெளியே எடுக்கச் சராசரியாக ஆறு நிமிடமோ அதற்கு மேலோ செலவிட்டவர்கள் தம்மிடம் வந்தோரில் 28.3 விழுக்காட்டினரிடம் புற்றாக மாறக்கூடிய வளர்ச்சிகளைக் கண்டனர். அதற்குக் குறைவாகச் செலவிட்டவர்கள் கண்டதோ 11.8 விழுக்காட்டினரிடம் மட்டுமே. அடினோமாவைக் கண்டறியும் விகிதம் ஒரு விழுக்காடு உயரும்தோறும், பின்னாளில் புற்றுநோய் வரும் ஆபத்து 3 விழுக்காடு குறைவதாக, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அகநோக்கல்களை ஆராய்ந்த கலிஃபோர்னிய ஆய்வு 2014இல் காட்டியது. மருத்துவரின் கவனம் நோயாளியின் ஆயுளோடு இத்துணை நேராகப் பிணைந்திருப்பது தெரிந்தபின், அக்கவனத்தைப் பயிற்றுவிக்கும் வழி எது என்ற வினா தவிர்க்க முடியாததாயிற்று.

படப்பதிவு அவ்வழிகளுள் ஒன்றாக வகுக்கப்பட்டது. 2001இல் ஐரோப்பிய செரிமான அகநோக்கியியல் சங்கத்துக்காக ரேயும் லாம்பெர்ட்டும் வகுத்த நெறிமுறை, இயல்பான பெருங்குடலுக்கும் எட்டுப் படங்களைப் பரிந்துரைத்தது: மலக்குடலின் கீழ்ப்பகுதி, சிக்மாய்டின் நடுப்பகுதி, இறங்குகுடல், கிடைமட்டக்குடலின் இரு முனைகள், ஏறுகுடல், சிறுகுடல் வால்வு, குடல்வால் துளையோடு கூடிய சீக்கம். நோயிருக்கும் இடத்தை மட்டும் படமெடுத்த பழைய வழக்கத்திலிருந்து இது அடிப்படையில் வேறானது. நோயில்லை என்று சொல்லவும் சான்று வேண்டும் என்பதே இதன் உட்பொருள். ஜப்பானின் இரைப்பைக் கேமராக் காலத்து மாறாத வரிசை இங்கே புது வடிவில் திரும்பிவந்தது எனலாம். அமெரிக்காவில் 2002இல் வெளியான பல்சங்கப் பணிக்குழுவின் பரிந்துரையும், மொத்த அகநோக்கல்களில் 90 விழுக்காட்டிலும், முன்கண்டறிதலுக்காகச் செய்யப்படுவனவற்றில் 95 விழுக்காட்டிலும் சீக்கத்தை எட்ட வேண்டும் என்று வரையறுத்து, அதற்குப் படச்சான்றையும் வேண்டியது.

இதற்கான பயிற்சி கேமராவைக் கையாளும் நுட்பத்தோடு முடிவதில்லை. நல்ல படம் வேண்டுமானால், வில்லையைக் கழுவ வேண்டும். தேங்கிய நீரையும் எஞ்சிய மலத்தையும் உறிஞ்சி அகற்ற வேண்டும். குடலைக் காற்றாலோ கரியமில வாயுவாலோ போதிய அளவு விரிக்க வேண்டும். கருவியின் நுனியைக் குடலின் நடுவில் அசையாது நிறுத்த வேண்டும். தெளிவாகப் பார்ப்பதற்குத் தேவையானவையும் இவையே. சீக்கத்தைப் பதியும்போது நுனியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துத் துளையும் வால்வும் ஒரே சட்டத்துக்குள் அமையச் செய்யவும், பாலிப்பைப் பதியும்போது முதலில் தொலைவிலும் பின் அருகிலும் எடுக்கவும், அதன் அளவை உணர்த்த விரித்த இடுக்கியையோ கம்பி வளையத்தையோ அருகே காட்டவும், அகற்றிய பின் அடித்தளத்தைத் தனியே பதியவும் பயிற்சி மருத்துவர் பழக்கப்படுகிறார். பாலிப்பின் வடிவத்தை வகைப்படுத்தும் பாரிஸ் முறையும், குடலின் தூய்மையை மூன்று பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பிடும் பாஸ்டன் அளவுகோலும், படத்தோடு சேர்த்துப் பயிலும்போதுதான் ஒருவர் மதிப்பீடும் இன்னொருவர் மதிப்பீடும் நெருங்கிவரும். படங்களில் பதியும் நேரக் குறிப்பு மற்றொரு நன்மை தருகிறது: சீக்கத்தில் எடுத்த படத்துக்கும் கருவி வெளிவந்த நேரத்துக்கும் இடையிலான கால அளவைக் கொண்டு, திரும்பும் வழியில் எத்தனை நிமிடம் செலவிடப்பட்டது என்பதை அறிய முடியும்.

படத்தின் எல்லையும் பயிற்சியின் பயனும்

அசையாப் படம் எல்லாவற்றையும் சொல்வதில்லை என்பதை இத்துறையினரே முதலில் உணர்ந்தனர். சீக்கத்தின் அசையாப் படங்களையும் காணொளிப் பதிவுகளையும் 2000இல் ஒப்பிட்ட ரெக்ஸ், முனையை எட்டியதை உறுதிசெய்யக் காணொளியே வலிய சான்று என்று கண்டார். எட்டு இடங்களைப் படமெடுத்தவர் இடைப்பட்ட பரப்பைக் கவனமின்றிக் கடந்திருக்கவும் கூடும். எண்ணிக்கையை நிறைவுசெய்வதற்காக மட்டும் எடுக்கப்படும் மங்கலான படங்கள் சான்றின் தோற்றத்தைத் தருமேயன்றிச் சான்றாகா.

ஆயினும் பதிவு செய்யப்படுகிறோம் என்ற உணர்வே பார்வையைக் கூர்மையாக்குகிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. 2010இல் வெளியான ஒரு முன்னோட்ட ஆய்வில், தம் அகநோக்கல்கள் காணொளியாகப் பதியப்படுவதை மருத்துவர்கள் அறிந்த பின், உட்சவ்வை ஆராய அவர்கள் செலவிட்ட நேரம் 49 விழுக்காடும், ஆராயும் தரத்தின் மதிப்பெண் 31 விழுக்காடும் உயர்ந்தன. சீக்கத்தைச் செம்மையாகப் படமெடுக்கும் மருத்துவர்களே பாலிப்புகளையும் மிகுதியாகக் கண்டறிகின்றனர் என்று 2015இல் வெளியான பிரிட்டானிய ஆய்வொன்று காட்டியது. படம் பாலிப்பைக் கண்டறிவதில்லை. படத்தைச் செம்மையாக எடுக்கும் பொறுமை எவரிடம் உள்ளதோ அவரே மடிப்பின் பின்புறத்தையும் பொறுமையோடு நோக்குகிறார். பொறுமை பிறவிக்குணம் என்று விட்டுவிடாமல், அதைப் பழக்கத்தால் வளர்க்க முடியும் என்ற நம்பிக்கையில்தான் படப்பதிவுப் பயிற்சி நிற்கிறது.

அண்மை ஆண்டுகளில் செயற்கை நுண்ணறிவு திரையில் பாலிப்பைச் சுட்டிக்காட்டவும், உடற்கூற்று அடையாளங்களைத் தானே இனங்கண்டு படமெடுக்கவும் தொடங்கியுள்ளது. சீனாவில் 1,058 பேரிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், அடினோமாவைக் கண்டறியும் விகிதம் அதன் துணையால் 20.3 விழுக்காட்டிலிருந்து 29.1 விழுக்காடாக உயர்ந்தது. அக்கணினிகள் பயின்ற பாடமும் மருத்துவர்கள் எடுத்துச் சேமித்த படங்களே. திரையில் காட்டப்படாத பரப்பில் எந்தக் கணினியாலும் எதையும் சுட்டிக்காட்ட இயலாது என்பதால், குடலைக் கழுவி விரித்து முழுவதும் காட்டும் கையின் பயிற்சி இனியும் தேவைப்படும்.

இவ்வரலாற்றில் கருவிகள் பலமுறை மாறின. மாறாதது நோயாளியின் நிலை. அவர் பெரும்பாலும் மயக்க மருந்தின் பிடியில் இருக்கிறார். தம் உடலுக்குள் என்ன பார்க்கப்பட்டது, எது பார்க்கப்படவில்லை என்பதை அறியும் வாய்ப்பு அவருக்கு இல்லை. ஐந்தோ பத்தோ ஆண்டுகள் கழித்து வாருங்கள் என்று மருத்துவர் கூறும் சொல்லை நம்பியே அவர் வீடு திரும்புகிறார். அந்நம்பிக்கைக்குத் தகுதியான சான்றைத் தருவது மருத்துவரின் கடமையாகும். எனவே படப்பதிவு அறிக்கை எழுதும் நேரத்து வேலையாக ஒதுக்கப்படாமல், அகநோக்கல் பயிலும் முதல் நாளிலிருந்தே கற்பிக்கப்பட வேண்டும். மாணவர் எடுத்த படங்களை ஆசிரியர் அவரோடு அமர்ந்து பார்த்து, எது தெளிவு, எது விடுபட்டது என்று எடுத்துரைக்க வேண்டும். டோக்கியோவில் மருத்துவர்கள் படச்சுருள்களைச் சுற்றி அமர்ந்து விவாதித்த காலத்திலிருந்து இன்றுவரை, இத்துறை முன்னேறியதெல்லாம் ஒருவர் கண்டதைப் பலர் கூடிச் சரிபார்க்க இசைந்ததனால்தான்.